சலவை இயந்திரத்தில் பூஞ்சணம்

புது டில்லி லோதி ரோட்டிலுள்ள மௌஸம் பவனத்திலிருந்து வானிலை இலாகா வெளியிடும் அன்றாட அறிக்கையில், உஷ்ணநிலைக்கு அருகே ஈரப்பதம் என்னும் எண் ஒன்று காணப்படும். மழை வருமா என்று மட்டும் பார்ப்போர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஜூன் 27ஆம் தேதியையொட்டிப் பருவமழை தலைநகரை எட்டியது முதல் செப்டம்பர் இறுதியில் அது விலகும் வரை, காலை வேளைகளில் 80 சதவிகிதத்தையும் தாண்டி நிற்கும் இந்த எண்ணுக்கும், வீட்டுச் சலவை இயந்திரத்தின் கதவைத் திறந்தவுடன் எழும் புழுங்கல் நாற்றத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

அழுக்கை நீக்கும் கருவியிலேயே பூஞ்சணம் வளர்வது எங்ஙனம்? முற்காலத்தில் வண்ணார் துணிகளை வெள்ளாவியில் வைத்து அவித்தனர். அந்த ஆவியில் பூஞ்சணம் பிழைப்பது அரிது. இன்றைய இயந்திரங்களோ பெரும்பாலும் குளிர்ந்த நீரிலோ 40 டிகிரிக்கு உட்பட்ட வெந்நீரிலோ இயங்குகின்றன. கரையாத சலவைத்தூள், துணியை மென்மையாக்கும் திரவம், உடலின் எண்ணெய்ப்பசை, நூல் துகள் ஆகியவை ரப்பர் வளையத்தின் மடிப்பிலும் தொட்டியின் வெளிப்புறத்திலும் வழவழப்பான படலமாகப் படிகின்றன. பூஞ்சணத்துக்கு இதுவே உணவு, இதுவே உறைவிடம். ஸ்லோவேனியா நாட்டு விஞ்ஞானிகள் பல நாடுகளின் பாத்திரம் கழுவும் இயந்திரங்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவுகளில், வெப்பத்தையும் காரத்தையும் தாங்கும் எக்ஸோஃபியாலா என்னும் கரும்பூஞ்சணம் ரப்பர் விளிம்புகளில் வாழ்வதைக் காட்டினர். சலவை இயந்திரங்களிலும் இவ்வினம் காணப்பட்டுள்ளது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பூஞ்சண வித்துக்கள் தொல்லை தருபவை.

நிலத்தடி நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் மற்றொரு சிக்கலும் சேர்கிறது. கடின நீரிலுள்ள சுண்ணம் தொட்டியில் அடையாகப் படிந்து, அதன் சொரசொரப்பில் படலம் நன்கு பற்றிக்கொள்கிறது. ஆகவே சுண்ணத்தைக் கரைக்க அமிலமும், பூஞ்சணத்தைக் கொல்ல ஹைப்போகுளோரைட்டு அடங்கிய வெளுப்புத் திரவமும் தேவைப்படுகின்றன. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இரண்டையும் ஒருங்கே ஊற்றினால் வேலை விரைவில் முடியும் என்று எண்ணுவோர் உளர். இவை கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்து ஈப்ரே போர்க்களத்தில் படைவீரரை மூச்சுத் திணறச் செய்தது இந்த வாயுவே. காற்றைப் போல் சுமார் இரண்டரை மடங்கு கனமுள்ள இது, ஜன்னலற்ற குளியலறையில் தரையோடு தங்கிவிடும். எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம், வினிகர், கழிவறை கழுவும் அமிலத் திரவம் ஆகிய எதுவும் வெளுப்புத் திரவத்துடன் சேரலாகாது. மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்தால் உடனே வெளியேறித் தூய காற்றுள்ள இடத்துக்குச் செல்லல் வேண்டும். மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்குச் செல்வதில் தாமதம் கூடாது.

எனவே இரு வேலைகளையும் இரு தினங்களில் செய்வதே உசிதம். முதலில் மின்செருகியைப் பிடுங்கி, குழாயை மூட வேண்டும். தூள் இடும் பெட்டியைக் கழற்றி ஊறவைக்கலாம். ரப்பர் வளையத்தின் மடிப்பை விரித்து, சலவைத்தூள் கரைசலில் நனைத்த துணியாலும் பழைய பல் துலக்கியாலும் தேய்க்க வேண்டும். கீழேயுள்ள வடிகட்டியையும் திறந்து சுத்தம் செய்க. நாணயமும் தலைமயிரும் அங்கே சேர்ந்திருக்கும். இரட்டைத் தொட்டி இயந்திரமாயின், அடியிலுள்ள சுழல்தட்டின் திருகைக் கழற்றிப் பார்ப்போர் திகைப்பர். கையால் தேய்க்கும் இப்பகுதியே முக்கியமானது. படலம் இருக்கும்வரை மருந்து மேலோடு நின்றுவிடும்.

பின்னர்த் துணியின்றி, தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால், சுமார் 100 கிராம் சிட்ரிக் அமிலமிட்டு வெந்நீரில் ஒரு முறை ஓட்டுக. அடுத்து வெறும் நீரில் ஒரு முறை ஓட்டி அலசுக. மறுநாள், ஜன்னலைத் திறந்துவைத்து, கையேடு கூறும் அளவில் வெளுப்புத் திரவத்தைத் தண்ணீரில் ஊற்றி ஓட்டி, இருமுறை அலசலாம். வெளுப்புத் திரவத்தை அடிக்கடி பயன்படுத்தினால் ரப்பர் கெடும். கிணற்றுக்கு இடும் பிளீச்சிங் பவுடர் இதற்கு ஏற்றதன்று. அதன் சுண்ணம் மீண்டும் தொட்டியிலேயே படியும்.

சலவைக்குப் பின் கதவைத் திறந்துவைத்தால் போதுமா? மே மாதத்து வறண்ட காற்றில் போதும். மடிப்பிலுள்ள ஈரம் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். ஆகஸ்டில் காற்றே நீராவியால் நிறைந்திருப்பதால் ஈரம் ஆவியாவது வெகுவாகக் குறைகிறது. ஆசிரியர்கள் இதை ஈரக் குமிழ், உலர் குமிழ் வெப்பமானிகளைக் கொண்டு வகுப்பில் எளிதாகக் காட்டலாம்: இரண்டின் அளவுகளும் நெருங்கும் நாளில் இயந்திரத்தின் ரப்பர் வளையத்தைக் காய்ந்த துணியால் துடைத்தே ஆக வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மட்டும், உள்ளே நுழைய இயலாதவாறு கதவைச் சிறிதளவே திறந்துவைத்தல் அவசியம்.