படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு ராட்சதன்

உல்லாசப் படகு என்றதும் உங்கள் மனக் கண்ணில் என்ன தோன்றுகிறது? வெள்ளை வெளேரென்று ஒரு பாய். மேல் தட்டிலே ஒரு சாய்வு நாற்காலி. கையில் எலுமிச்சம் பழ ரசம். சினிமாவில் நாம் பார்த்தது அவ்வளவுதான். படகுக்குள் இறங்கும் படிக்கட்டைக் கழற்றி எடுத்தால், பின்னால் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு டீஸல் எஞ்சின் உட்கார்ந்திருக்குமே, அதை எந்த டைரக்டரும் காட்டுவதில்லை. படகு வாங்கியவர்களிலும் பாதிப் பேர் அதை எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

இங்கிலாந்தின் தென் கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவே ஸோலண்ட் என்று ஒரு குறுகலான கடல் இருக்கிறது. கோடைக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகப் படகில் கிளம்பி விடுவார்கள். பார்க்க ரம்மியமான காட்சி. ஆனால் மேற்குக் கோடியில், ஹர்ஸ்ட் கோட்டை அருகே, ஜலசந்தி மிகவும் ஒடுங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே நீரோட்டம் மணிக்கு 4 கடல் மைல், அதாவது 7 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. அதற்கு அப்பால், ‘ஊசிகள்’ என்று பெயர் வாங்கிய சுண்ணாம்புப் பாறைகள். அந்த இடத்தில் காற்று விழுந்து, பாய் தொங்கி, எஞ்சினும் நின்று விட்டதென்று வைத்துக் கொள்ளுங்கள். மோட்டார் கார் என்றால் ஓரமாக நிறுத்தி விட்டு மெக்கானிக்கைத் தேடலாம். கடலில் ஓரம் ஏது? நங்கூரம் பிடித்தால் உண்டு. இல்லாவிட்டால் நீரோட்டம் விட்ட வழி.

பிரிட்டனிலே 1824-ல் தோன்றிய உயிர் காக்கும் படகுச் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் தொண்டர்கள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு விட்டுக் கடலுக்கு ஓடுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று எது தெரியுமா? புயலல்ல, எஞ்சின் கோளாறு!

வேடிக்கை என்னவென்றால், டீஸல் எஞ்சின் சுலபத்தில் கெட்டுப் போகிற ரகமே அல்ல. பெட்ரோல் எஞ்சினைப் போல் மின்பொறி அதற்குத் தேவையில்லை. காற்றை அழுத்துகிற அழுத்தில் 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அதில் எண்ணெயைப் பீச்சினால் தானாகவே பற்றிக் கொள்கிறது. (கண்டுபிடித்தவர் ருடால்ஃப் டீஸல் என்ற ஜெர்மானியர். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் இந்த ரக எஞ்சின் ஒன்றைக் கடலை எண்ணெயிலே ஓட்டிக் காட்டினார்கள். நம் அடுப்படிச் சாமான்! பாவம், அந்த மனிதர் 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகையில், இரவு படுக்கப் போனவர் காலையில் அறையில் இல்லை. கடல் அவரை எடுத்துக் கொண்டது.)

பிறகு ஏன் நிற்கிறது? சோம்பலால் என்றுதான் சொல்ல வேண்டும். மீன் பிடிப்பவரின் எஞ்சின் தினமும் ஓடுகிறது. உல்லாசப் படகின் எஞ்சினோ ஞாயிற்றுக்கிழமை அரை மணி ஓடி விட்டு, மற்ற நாட்களில் ஈரத்தில் கிடக்கிறது. பாதி காலியான டாங்கியில் ஈரக் காற்று குளிர்ந்து நீர்த் துளிகளாகி, டீஸலுக்கு அடியில் தேங்குகிறது. தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் கிருமிகள் குடித்தனம் வைத்து விடுகின்றன. காப்பிக் கசடு போலக் கறுப்பாக ஒரு வண்டல் சேருகிறது. கடல் அமைதியாக இருக்கும் வரையில் அது டாங்கியின் அடியில் தூங்கும். அலை எழும்பிப் படகைக் குலுக்கியதும் கலங்கிக் கிளம்பி வடிகட்டியை அடைத்துக் கொள்ளும். வேண்டிய சமயத்தில்தான் எஞ்சின் காலை வாரும் என்று படகுக்காரர்கள் புலம்புவது இதனால்தான்.

வடிகட்டியை மாற்றினால் தீர்ந்ததா? அதுதான் இல்லை. மாற்றும்போது குழாய்க்குள் காற்று புகுந்து விடும். ஒரு குமிழி போதும், எஞ்சின் முரண்டு பிடிக்க. வடிகட்டித் தலையில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி விட்டு, எண்ணெய்ப் பம்பின் கைப்பிடியைக் கட்டை விரலால் அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும். பிறகு நுரையும் எண்ணெயுமாக வரும். குமிழியே இல்லாமல் எண்ணெய் வழிந்ததும் திருகை இறுக்க வேண்டும். வீட்டு வாசலில் என்றால் பத்து நிமிஷ வேலை. ஆடுகிற படகில், தலைகீழாகக் குனிந்து, டீஸல் நாற்றம் குடலைப் புரட்டச் செய்வது வேறு சமாசாரம்! கரையில் கட்டியிருக்கும்போதே இரண்டு தடவை செய்து பழகியவர்கள் புத்திசாலிகள்.

இன்னொரு ஆசாமி இருக்கிறான்: இம்பெல்லர். உள்ளங்கையில் அடங்கும் ரப்பர்ச் சக்கரம். பூ இதழ் போலச் சுற்றிலும் தகடுகள். எஞ்சினைக் குளிர வைக்கும் கடல் நீரை உறிஞ்சித் தருவது இவன்தான். கடற்பாசியோ, எவரோ எறிந்த பிளாஸ்டிக் பையோ வழியை அடைத்து விட்டால், தண்ணீர் இல்லாமல் சுழன்று சில நிமிஷங்களிலேயே கருகிப் போவான். எஞ்சினை ஓட்டியதும் படகின் பின்புறம் எட்டிப் பாருங்கள். புகைக் குழாயிலிருந்து தண்ணீர் துப்ப வேண்டும். துப்பாவிட்டால் உடனே நிறுத்துங்கள். நாலைந்து திருகுகளைத் திருப்புளியால் கழற்றிப் புதுச் சக்கரம் மாட்டலாம். ஆனால் பழையதில் உடைந்த தகடுகளை எண்ணிப் பார்த்து, அத்தனை துண்டுகளையும் தேடி எடுத்தாக வேண்டும். ஒன்று உள்ளே சிக்கினாலும் மறுபடி அடைப்புதான்.

புகையின் நிறமும் பேசும். நீலம் என்றால் மசகு எண்ணெய் எரிகிறது; கறுப்பு என்றால் பாரம் அதிகம், அல்லது காற்று போதவில்லை. மசகு எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்து விட்டது. அந்த எண்ணெயைக் குளிர் காலத்துக்கு முன்பே மாற்றி விட வேண்டும். பழைய எண்ணெயில் சேர்ந்த அமிலம், படகு சும்மா கிடக்கும் மாதங்களில் உள்ளே அரிக்கும்.

இதெல்லாம் கணவர்கள் கவனிக்க வேண்டிய வேலைதானே என்று நினைக்கிறீர்களா? கணவர் தவறித் தண்ணீரில் விழுந்து விட்டால் படகைத் திருப்பிக் கொண்டு வர வேண்டியவள் மனைவி. பிரிட்டனில் படகுக்காரர்களுக்கென்று ஒரே நாளில் டீஸல் எஞ்சினைப் பற்றிச் சொல்லித் தரும் வகுப்புகள் நடக்கின்றன. தம்பதிகள் சேர்ந்தே போக வேண்டும் என்பேன் நான்.

படகை விட்டுக் கரையேறும்போது கடல் நீர் வரும் வால்வை மூடி விட்டுப் போவது வழக்கம். அடுத்த வாரம் உற்சாகத்தில் அதைத் திறக்க மறந்து விடுவார்கள், இம்பெல்லர் கருகும். ஆகையால் பல படகுகளில் எஞ்சின் சாவியை ஆணியில் மாட்டுவதில்லை. அந்த வால்வின் கைப்பிடியிலேயே தொங்க விட்டிருக்கிறார்கள்.