போட்டி முடிந்தபின்னும் நிற்கும் தளம்

பழைய மகாபலிபுரம் சாலையில் தரமணி, பெருங்குடி தொடங்கிச் சிறுசேரி வரை பரவியுள்ள மென்பொருள் நிறுவனங்களில், வேர்ட்பிரஸ், டுரூபல் போன்ற ஆயத்த உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளைக் கொண்டு தளம் கட்டுவது அன்றாட வேலை. ஆனால் அதே அமைப்பை மாணவர் அணி ஒன்று போட்டிக்கான தளத்தை உருவாக்கப் பயன்படுத்தினால், அது மாணவர்களின் சொந்த உழைப்பாகுமா என்ற ஐயம் உடனே எழுகிறது. அந்த ஐயத்தைவிட முதன்மையான கேள்வி ஒன்று உண்டு: போட்டி முடிந்து, அணி கலைந்து, மாணவர்கள் பட்டம் பெற்றுச் சென்ற பின்னர் அத்தளத்தைக் காப்பவர் யார்?

உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பது எழுத்தையும் தோற்றத்தையும் தனித்தனியே பிரித்து வைக்கும் மென்பொருள். 2003-இல் வெளியான வேர்ட்பிரஸில் ஒரு கட்டுரையின் தலைப்பும் உடலும் தேதியும் தரவுத்தள அட்டவணையில் ஒரு வரிசையாகச் சேமிக்கப்படுகின்றன. வாசகர் பக்கத்தைக் கேட்கும்போது, பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட நிரல் அவ்வரிசையை எடுத்து, ‘தீம்’ எனப்படும் தோற்ற வார்ப்பில் ஊற்றி, அந்நொடியே பக்கத்தை உருவாக்கித் தருகிறது. நிரல் அறியாத மாணவரும் ஆய்வுக் குறிப்பை நேரடியாக எழுதிச் சேர்க்க முடிவது இந்தப் பிரிவினையால்தான். பத்துப் பேர் கொண்ட அணியில் இருவருக்கு மட்டுமே நிரல் தெரியும் என்றால், மற்ற எண்மரின் எழுத்தும் அவ்விருவரின் கைக்காகக் காத்திருக்க வேண்டிய நிலையை இது நீக்குகிறது.

தமிழில் எழுதும் அணிகள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகிறது. இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் சேர்ந்து மூன்று எழுத்துகளாக விரிகிறது. எனவே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் கொண்ட ‘தமிழ்’ என்ற சொல் முகவரியில் 45 இடங்களைப் பிடிக்கிறது. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்கு 200 இடங்களையே ஒதுக்குவதால், தமிழ்த் தலைப்பு 22 குறிகளுக்குள் வெட்டுப்படுகிறது. ஒரேவிதமாகத் தொடங்கும் இரு தலைப்புகளின் முகவரிகள் வேறுபாடு தெரியாமல் நிற்கின்றன. வெளியிடுவதற்கு முன்பே குறுகிய முகவரிப் பெயரைத் தாமே இட்டுவிடுவது இதற்கு எளிய தீர்வு.

மாணவர் தளங்களை மதிப்பீட்டின் நடுவில் வைத்த போட்டிகளுள் ஐஜெம் குறிப்பிடத்தக்கது. 2003-இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் ஒரு பாடமாகத் தொடங்கி, மறு ஆண்டு ஐந்து அணிகளுடன் போட்டியாக மாறிய இந்தச் செயற்கை உயிரியல் நிகழ்வில், தரமணிக்கு அண்டையிலுள்ள சென்னை ஐஐடியின் மாணவர் அணிகளும் பல ஆண்டுகள் பங்கேற்றுள்ளன. ஒவ்வோர் அணியும் தன் ஆய்வை ‘விக்கி’ எனப்படும் தளமாக எழுதி, போட்டி அமைப்பின் வழங்கியிலேயே வைக்க வேண்டும். குறித்த நாளில் அது உறைய வைக்கப்படும்; அதன்பின் ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது. நீண்ட காலம் இதற்குப் பயன்பட்டது, தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருள். பலர் சேர்ந்து எழுதவும், ஒவ்வொரு திருத்தத்தின் வரலாற்றையும் காக்கவும் உருவான அந்த அமைப்பில், தமக்கென ஒரு தோற்றத்தை விரும்பிய அணிகள் அதன் இயல்பான தோற்ற விதிகளை ஒவ்வொன்றாக மீறி எழுத வேண்டியிருந்தது. 2022 முதல் ஐஜெம், கிட்லேப் என்ற நிரல் களஞ்சியத்திலிருந்து நிலைப்பக்கங்களை உருவாக்கும் முறைக்கு மாறியது. நிலைப்பக்கம் என்பது தரவுத்தளத்தின் துணையின்றி, முன்னரே முழுமையாக எழுதப்பட்டு அப்படியே அனுப்பப்படும் கோப்பு.

இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. தரவுத்தளத்தை நம்பி இயங்கும் தளத்திற்குத் தொடர்ந்த பராமரிப்பு தேவை; புதுப்பிக்கப்படாத ஒரே ஒரு செருகுநிரல், அதாவது கூடுதல் வசதிக்காக இணைக்கப்படும் துணை நிரல், அத்துமீறுவோருக்கு வாசலாகிவிடும். ஆனால் ஆயத்த அமைப்பைக் கைவிட வேண்டியதில்லை: எழுதும் காலத்தில் வேர்ட்பிரஸைப் பயன்படுத்தி, இறுதியில் எல்லாப் பக்கங்களையும் நிலைக்கோப்புகளாக ஏற்றுமதி செய்யும் கருவிகள் உள்ளன. விதிகள் இடம் தரும் போட்டிகளில் மாணவர் அணிக்கு இதுவே தகுந்த வழி.

நிலைக்கோப்புகளுக்கும் ஒரு புகலிடம் வேண்டும். 1996-இல் தொடங்கி, பல நாட்டு மாணவர் குழுக்களைக் கல்வித் தளங்கள் உருவாக்க வைத்த திங்க்குவெஸ்ட் போட்டி, 2002-க்குப் பின் ஆரக்கிள் கல்வி அறக்கட்டளையின் பொறுப்பில் நடந்து, 2013 ஜூலையில், மாணவர் தளங்களைச் சேர்த்து வைத்திருந்த தன் நூலகத்தோடு மூடப்பட்டது. ஆகவே தளத்தின் ஒரு முழுப் பிரதியைக் கல்லூரி நூலகத்திலும் மற்றொன்றைப் பொதுக் களஞ்சியத்திலும் வைப்பதை அணியின் வழிகாட்டிப் பேராசிரியர் தம் பொறுப்பாக ஏற்க வேண்டும்; தேதியும், பயன்படுத்திய மென்பொருளின் பதிப்பு எண்ணும், பிறர் எடுத்தாளும் உரிமம் எதுவென்பதும் அப்பிரதியின் முதற்பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.