குளிர்காலையில் டீசல் லொறி கக்கும் வெண்புகை: காரணம் அறியும் முறை

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. இரவு முழுவதும் அக்குளிரில் நின்ற டீசல் லொறியைக் காலையில் இயக்கும்போது புகைக்குழாயிலிருந்து வெண்புகை எழுவதை மலைநாட்டுக் கமக்காரர் நன்கறிவர். கரட், லீக்ஸ், கோவா ஆகியவற்றை ஏற்றிய லொறி புறப்படத் தாமதித்தால் மரக்கறி வாடும். சந்தையில் விலையும் இறங்கும்.

இப்புகையைக் கண்டதும் சிலர் பெருஞ்செலவு செய்து டீசல் பம்பைக் கழற்றுவிக்கின்றனர். வேறு சிலர் “குளிருக்கு அப்படித்தான்” என்று விட்டுவிடுகின்றனர். முன்னவர் பணத்தை இழத்தல் கூடும். பின்னவர் சில வேளைகளில் எஞ்சினையே இழத்தல் கூடும். ஆகலின், புகையின் காரணத்தை ஒழுங்காக ஆராய்ந்தறிதல் இன்றியமையாதது.

வெண்புகை உண்டாவது எவ்வாறு?

பெற்றோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினிலோ தீப்பொறி இல்லை. சிலிண்டருள் புகுந்த காற்றைப் பிஸ்டன் அதன் பருமனில் ஏறத்தாழ 16 முதல் 22 வரையான பங்கில் ஒன்றாக நெருக்குகிறது. அவ்வாறு நெருக்குண்ட காற்று மிகச் சூடாகிறது. அச்சூட்டிலே இன்ஜெக்டர் தெளிக்கும் டீசல் தானாகவே தீப்பற்றுகிறது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரும்புச் சுவர்கள் அச்சூட்டில் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுகின்றன. உயரமான இடத்தில் காற்றும் மெலிந்திருப்பதால் டீசல் பற்றுவதற்குத் தாமதம் ஏற்படும். பற்றாத டீசல் நுண்துளிகளாக வெளியேறி வெண்புகையாகத் தோன்றுகிறது. எஞ்சின் சூடேறுந்தோறும் குறைந்து, ஓரிரு நிமிடங்களில் மறையும் புகையைப் பழுது எனக் கொள்ளவேண்டியதில்லை. நேற்றைவிட இன்று மிகுதியாக வருவதும், நெடுநேரம் நீடிப்பதும், எஞ்சின் நடுங்கி ஓடுவதுமே ஆராயத் தக்கவை.

முதலில் புகையை இனங்காண்க

வெண்மையாகத் தோன்றுவதெல்லாம் ஒன்றல்ல. புகைக்குழாயிற் படிந்த ஈரம் சூடேறி ஆவியாகும்போது அது மெல்லியதாய் எழுந்து விரைவில் காற்றிற் கரையும், கண்ணை உறுத்தாது. எரியாத டீசலின் புகை தடித்துத் தாழ்ந்து நிற்கும், டீசல் மணம் வீசும், கண்ணை எரிக்கும். ரேடியேற்றர் நீர் சிலிண்டருள் கசிந்தால், எஞ்சின் சூடேறிய பின்னரும் வெள்ளாவி ஓயாது வரும். ரேடியேற்றரில் குளிர்த்தித் திரவம் கலந்திருப்பின் இனிப்பான மணமும் உண்டாகலாம். நீலப்புகை எஞ்சின் ஒயில் எரிவதையும், கரும்புகை காற்றுக் குறைவையோ டீசல் மிகுதியையோ காட்டும். அவை வேறு பழுதுகள்.

எளியவற்றை முதலிற் பார்க்க

முதலாவது பற்றரி. குளிரில் பற்றரியின் வலு குறையும். எஞ்சின் ஒயிலும் தடிக்கும். எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் நெருக்குண்ட காற்றின் சூடு சுவர்களில் வீணாகி, டீசல் பற்றாமற் போகும். பற்றரி முனைகளிற் பூத்துள்ள வெண்பொடியைத் துடைத்து, கம்பிகளை இறுக்குதல் வேண்டும். தயாரிப்பாளர் கூறிய தடிப்புள்ள ஒயிலையே ஊற்றுதல் வேண்டும்.

இரண்டாவது ஹீட்டர் பிளக். எல்லா லொறிகளிலும் இது இராது. பெரிய எஞ்சின்கள் சிலவற்றில் உட்புகும் காற்றையே சூடாக்கும் கருவி உண்டு. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில், பற்றரியின் வோல்ற்றுக்கேற்ற சோதனை விளக்கொன்றை எடுத்து, பிளக்குகளை இணைக்கும் கம்பியைக் கழற்றுக. விளக்கின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையில் இணைத்து, மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொடுக. விளக்கு எரிந்தால் பிளக்கின் உட்கம்பி அறுபடவில்லை. எரியாவிடின் அந்தப் பிளக் செயலற்றது. எல்லாப் பிளக்குகளும் நல்லவையாயின், சாவியைத் திருப்பியதும் அவற்றிற்கு மின் வருகிறதா என்று பார்த்தல் வேண்டும். வராவிடின் பழுது பியூஸிலோ றிலேயிலோ கம்பியிலோ இருக்கும்.

மூன்றாவது டீசலும் காற்றும். டீசல் பில்டரின் அடியில் தங்கிய நீரை வடித்துவிடுக. தாங்கியிலிருந்து பம்புவரை உள்ள குழாய்களில் ஈரக்கசிவு உண்டா எனக் காண்க. டீசல் கசியும் இடத்திலே காற்று உட்புகலாம். காற்று வடிகட்டி அடைபட்டிருந்தால் துப்புரவாக்குக அல்லது மாற்றுக.

ஒரு சிலிண்டரா, எல்லாச் சிலிண்டர்களுமா?

மேற்கூறியவை சரியாயிருந்தும் புகை நீங்காவிடின் இக்கேள்விக்கு விடை காணல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினை இயக்கி ஒரு நிமிடத்துள், ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் புகை வெளியேறும் இரும்புக் குழாயின் வாயருகே ஈரத்துணியை ஒற்றிப் பார்க்கலாம். விரைவில் உலரும் இடம் சூடானது. ஈரம் உலராது நிற்குமிடத்துச் சிலிண்டரில் டீசல் எரியவில்லை. சுழலும் விசிறிக்கும் பட்டிக்கும் கையும் ஆடையும் எட்டியிருத்தல் அவசியம்.

ஒரு சிலிண்டர் மட்டும் குளிர்ந்திருப்பின் அதன் ஹீட்டர் பிளக், இன்ஜெக்டர், வால்வு இடைவெளி, பிஸ்டன் வளையம் ஆகியவற்றை அவ்வரிசையில் ஐயுறலாம். சூடேறியதும் நடுக்கமும் புகையும் நீங்கினால், மலிவான பிளக்கே காரணமாயிருத்தல் கூடும். சூடேறிய பின்னும் நடுக்கம் நீங்காவிடின், இன்ஜெக்டரையும் நெருக்கத்தையும் கராஜிற் சோதிப்பித்தல் நன்று. எல்லாச் சிலிண்டர்களும் ஒருங்கே புகைத்தால், பற்றரி, மின்வரவு, டீசல் தெளிக்கும் நேரம் ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். பம்பைக் கழற்றிப் பூட்டிய பின் புகை தொடங்கியிருப்பின், தெளிக்கும் நேரம் பிந்தியிருக்கக் கூடும்.

இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திச் சோதிப்பது பழைய எஞ்சின்களில் மெக்கானிக்குகள் கையாளும் முறை. புதிய காமன் றெயில் எஞ்சின்களில் அதனைச் செய்தலே கூடாது. அவற்றின் குழாய்களில் டீசலின் அமுக்கம் ஆயிரம் வளிமண்டலங்களுக்கு மேற்படும். அத்தெளிப்பு தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

நீர்க்கசிவு: பொறுக்கத் தகாத பழுது

காலைதோறும் ரேடியேற்றர் நீர் குறைகிறதா எனக் காண்க. எஞ்சின் முற்றாகக் குளிர்ந்துள்ளபோது மூடியைத் திறந்து, பின்னர் இயக்கினால், ஓயாது குமிழிகள் எழுகின்றனவா எனக் காண்க. ஒயில் அளவுகோலில் உள்ள ஒயில் பால்போல் வெளுத்திருக்கிறதா எனவும் காண்க. ஒயில் மூடியின் அடியில் மட்டும் வெண்பசை காணப்படின் அச்சம் வேண்டாம். குளிர்ப் பிரதேசத்திற் குறுந்தூரம் ஓடும் லொறிகளில் காற்றின் ஈரமே அவ்வாறு படியும்.

நீர் குறைதலும் குமிழியும் சேர்ந்து காணப்படின் ஹெட் கஸ்கற் பழுதென ஐயுற்று, லொறியை நிறுத்திவிடுதலே அறிவு. இரவில் சிலிண்டருள் நீர் தேங்கினால், அது காற்றைப் போல நெருங்காது. அந்நிலையில் எஞ்சினைச் சுழற்றினால் பிஸ்டன் தண்டு வளையும். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எதிலோ முட்டியதுபோல் நின்றால், மீண்டும் முயலாது மெக்கானிக்கை அழைத்தல் வேண்டும். ஒரு கஸ்கற்றின் செலவை அஞ்சியவர், முழு எஞ்சினின் செலவை ஏற்க நேரிடும்.

செய்யத் தகாதவை

1. ஹீட்டர் பிளக் அல்லது காற்றுச் சூடாக்கி உள்ள எஞ்சினுள் ஈதர் தெளித்தலாகாது. அது வெடித்து எஞ்சினையும் ஆளையும் சேதப்படுத்தும்.

2. குளிர்ந்த எஞ்சினை உறுமவிடலாகாது. மெதுவாகச் சிறிது நேரம் ஓடவிட்டு, பின் மிதமாகச் செலுத்துக.

3. சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறக்கலாகாது. நுவரெலியா உயரத்தில், திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும். மூடி திறந்ததும் நீர் பீறிட்டெழும்.

4. மரக்கறி கட்டும் கொட்டகையினுள் எஞ்சினை இயக்கி நிறுத்தலாகாது. டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012 இல் வகைப்படுத்தியுள்ளது. கொட்டகையில் கரட் கழுவுவோரும் மூட்டை கட்டுவோரும் அப்புகையையே சுவாசிப்பர்.

லொறியில் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்து, புகை எத்தனை நிமிடம் நின்றது, எவ்வாறு மணத்தது, ரேடியேற்றரில் எவ்வளவு நீர் ஊற்றப்பட்டது என்பவற்றை ஒரு வாரம் எழுதிவருக. அக்குறிப்புடன் கராஜுக்குச் செல்லும் கமக்காரர், வேண்டாத பகுதிகளைக் கழற்றுவிக்கும் செலவைத் தவிர்ப்பார்.