மதராஸில் பிறந்த கிப்பிளும் ஹிக்ஸ் துகளும்

ஹிக்ஸ் போசான் எனப்படும் அடிப்படைத் துகளுக்கு 1964-ஆம் ஆண்டு கோட்பாட்டு வழி வகுத்தவர்கள் ஆறு பேர். அவர்களில் டாம் கிப்பிள் மதராஸ்காரர். 1932 டிசம்பர் 23-இல் அங்குப் பிறந்தார். தந்தை வால்டர் கிப்பிள் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். மகன் டவ்டன் காரி பள்ளியில் படித்துவிட்டு ஸ்காட்லாந்து போனார். எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்று, 1959-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சேர்ந்தார்.

அப்போது இயற்பியலாளர்களைக் குடைந்துகொண்டிருந்தது நிறை பற்றிய ஒரு சிக்கல். கதிரியக்கச் சிதைவுக்குக் காரணமான விசை அணுக்கருவைத் தாண்டி எட்டுவதில்லை. அப்படியானால் அதைச் சுமந்து செல்லும் துகள்கள் கனமானவையாக இருக்கவேண்டும். ஆனால் கோட்பாட்டின் சமச்சீர் விதியோ அவற்றுக்கு நிறையே கூடாது என்றது. அண்டமெங்கும் ஒரு புலம் நிறைந்திருக்கிறது, அதனுடன் வினைபுரியும் துகள்கள் நிறை பெறுகின்றன என்பதே இதற்குக் கிடைத்த விடை. சர்க்கரைப் பாகில் நடப்பதை இதற்கு உவமையாகச் சொல்வார்கள். உவமை அவ்வளவு பொருத்தமில்லை. பாகு நடப்பவரின் வேகத்தைக் குறைத்து நிறுத்திவிடும். சீராகச் செல்லும் துகளை இந்தப் புலம் தடுப்பதே இல்லை.

இந்த விடையை மூன்று குழுக்கள் தனித்தனியே கண்டன. மூன்று கட்டுரைகளும் ஒரே அமெரிக்க ஆய்விதழில் வெளிவந்தன: ஆகஸ்டில் பிரசல்ஸைச் சேர்ந்த பிரௌட், ஆங்லேர், அக்டோபரில் எடின்பரோவின் பீட்டர் ஹிக்ஸ், நவம்பரில் குரால்னிக், ஹேகன், கிப்பிள். ஹிக்ஸின் கட்டுரையை முதலில் வேறொரு இதழ் திருப்பி அனுப்பியிருந்தது. அதை விரித்து எழுதும்போதுதான் புதிய துகள் ஒன்று இருக்கவேண்டும் என்ற குறிப்பைச் சேர்த்தார். துகளுக்கு அவர் பெயர் ஒட்டிக்கொள்ள அந்தக் குறிப்பும் ஒரு காரணம்.

கிப்பிள் அத்தோடு நிற்கவில்லை. விசைத் துகள்களில் சில நிறை பெற, ஒளித்துகள் மட்டும் நிறையில்லாமல் இருப்பது எப்படி என்பதற்கு 1967-இல் வழி காட்டினார். அந்த வழியைப் பின்பற்றித்தான் இயற்பியலாளர் வைன்பெர்க்கும், இம்பீரியல் கல்லூரியில் கிப்பிளுடன் பணியாற்றிய பாகிஸ்தானியர் அப்துஸ் சலாமும் தங்கள் கோட்பாட்டை அமைத்தார்கள். 1979-இல் அவர்கள் இருவருக்கும் கிளாஷோவுக்கும் நோபல் கிடைத்தது. அவர்கள் சொன்ன கனமான விசைத் துகள்கள் 1983-இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் அகப்பட்டன.

ஹிக்ஸ் துகளுக்கு மேலும் 29 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2012 ஜூலை 4-இல் அதே ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரு குழுக்கள் கண்டுபிடிப்பை அறிவித்தன. துகளின் நிறை புரோட்டானைப்போல் ஏறக்குறைய 133 மடங்கு. சிஎம்எஸ் குழுவில் இந்திய ஆய்வு நிறுவனங்களும் இருந்தன. மலாயாப் பல்கலைக்கழகம் பின்னர் சேர்ந்தது.

ஆறு பேரையும் ஒருசேரச் சிறப்பித்தது அமெரிக்க இயற்பியல் கழகத்தின் 2010 சகுராய் பரிசு. நோபலில் அதற்கு இடமில்லை. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது, இறந்தவருக்கும் கிடையாது. பிரௌட் 2011-இல் காலமாகிவிட்டார். 2013-இல் ஆங்லேரும் ஹிக்ஸும் மட்டுமே பரிசு பெற, மூன்றாவது இடம் காலியாகவே கிடந்தது. 1967 ஆய்வை நினைத்தாவது அதைக் கிப்பிளுக்குக் கொடுத்திருக்கலாம். அவரோ முறையிடவில்லை. மூன்றில் கடைசியாக வந்தது தங்கள் கட்டுரைதான் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஆனால் மூன்றிலும் முழுமையானது அதுவே என்று சேர்த்துச் சொல்லவும் தவறவில்லை.

வேறு சிறப்புகள் அவரைத் தேடி வந்தன. 2013-இல் திராக் பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டு, நம் நாட்டில் டான் ஸ்ரீ, டத்தோ பட்டங்கள் வழங்கப்படுவதுபோல, பிரிட்டிஷ் அரசியிடமிருந்து ‘சர்’ பட்டமும் கிடைத்தது. 2016 ஜூன் 2-இல் தமது 83-ஆம் வயதில் காலமானார்.