அவரவர்க்கு ஏற்ற தீனி

டிக்கோயாத் தோட்டங்களில் லயத்தின் பின்புறம் கோழி வளர்ப்போரே! முட்டையிடும் கோழிக்கான தீனியில் கல்சியம் ஏறத்தாழ 4 சதவீதம். குஞ்சுக்குப் போதுமானதோ 1 சதவீதமே. மிகுதியானது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையும் பறிக்கக்கூடும்.

ஆதலால், பெரியவை நுழையமுடியாத சிறு வாயிலுள்ள கூடையினுள் குஞ்சுத் தீனியை வையுங்கள். மற்றவை அனைத்திற்கும் வளரும் கோழிக்கான தீனியை இட்டு, சிப்பித்தூளைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டிய அளவை அதிலிருந்து கொத்திக்கொள்ளும்.

எல்லோருக்கும் ஒன்றையே இடுவது நீதிபோலத் தோன்றலாம். அவரவர் தேவையறிந்து இடுவதே அன்பு. குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்க்கும் கோழிக்குத் தம்மை ஒப்பிட்ட ஆண்டவர் (மத்தேயு 23:37), நம் பிள்ளைகள் ஒவ்வொருவரின் தேவையையும் அறியும் மனத்தை நமக்கு அருள்வாராக!