முழங்காலுக்கு எந்த ஒட்டு?

மட்டாஞ்சேரி பஜார் சாலைக் கிடங்குகளில் மூட்டை சுமப்போரும், மாலையில் பந்தாடும் இளைஞர்களும் நம் வாடிக்கையாளர்களே. முழங்கால் அறுவைக்காகச் சேமிப்பை எடுக்க வருவோர் சிலரிடம் நாம் கேட்கும் சொல் 'ஏ.சி.எல்.' என்பதாகும். கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கன் 2019 அக்டோபரில் இக்காயத்துக்கு ஆளாகி, அப்பருவம் முழுவதையும் இழந்தார்; பின்னர் தேறி மீண்டும் இந்திய அணிக்காக ஆடினார்.

ஏ.சி.எல். எனும் முன்சிலுவைத் தசைநார் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலின் நடுவே பிணைக்கிறது. முற்றிலும் அறுந்தால் அது தானே சேர்வது அரிது. சிலருக்கு உடற்பயிற்சியே போதும். மற்றவர்களுக்கு உடலின் வேறோரிடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்டுவர். எடுக்கும் இடத்தில் சிறிது இழப்பு உண்டு. எந்த இழப்பைத் தாங்க இயலும் என்பதே கேள்வி.

முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாண்: இரு முனைகளிலும் எலும்புத் துண்டு இருப்பதால் சுமார் 6 முதல் 8 வாரங்களில் பற்றிக்கொள்ளும். வேகமாக ஆடுவோர்க்கு ஏற்றது. ஆயினும் மண்டியிடும்போது வலி நீடிக்கலாம். தொழுகையிலும் தேவாலயத்திலும் மண்டியிடுவோர் நிறைந்த நம் ஊரில் இது சிறு செய்தியன்று.

பின்தொடை நாண்: வடு சிறியது, மண்டியிடும் வலி குறைவு. எலும்போடு சேரக் கூடுதல் காலமாகும். காலை மடக்கும் வலிமை சற்றுக் குறையலாம். இளம் ஆட்டக்காரர்களிடம் மீண்டும் அறுபடும் வாய்ப்பு சற்று அதிகம்.

முன்தொடை நாண்: தடிப்பானது, மண்டியிடும் வலியும் குறைவு. தொடை வலிமை மீளப் பொறுமை வேண்டும்.

கணுக்காலருகே செல்லும் பெரோனியஸ் லாங்கஸ் நாண்: இந்திய மருத்துவர்கள் பலர் கையாள்வது. முழங்காலைச் சுற்றியுள்ள தசைகளுக்கு இழப்பில்லை. கணுக்காலின் வலிமையைக் கவனிக்க வேண்டும்.

கொடையாளரின் நாண்: நம் உடலில் இழப்பில்லை. ஆனால் இளம் விளையாட்டு வீரர்களிடம் அறுபடும் வாய்ப்பு கூடுதல்.

எந்த ஒட்டாயினும், ஆடுகளம் திரும்பக் குறைந்தது 9 மாதங்கள் காத்திருப்பது நலம். ஆகவே மருத்துவரிடம் நம் தொழில், விளையாட்டு, தரையில் அமரும் வழக்கம், வழிபாட்டு முறை அனைத்தையும் கூறுவோம். காப்பீட்டு நிறுவனத்திடம், எலும்பில் பொருத்தும் திருகுகளுக்கும் பின்வரும் இயன்முறைப் பயிற்சிக்கும் தொகை கிடைக்குமா என முன்னரே கேட்போம். நாட்கூலியில் வாழ்வோர், கூலியற்ற மாதங்களுக்கும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். மருத்துவமனைக் கட்டணத்தை மட்டும் எண்ணிச் சேமிப்பு முழுவதையும் எடுத்துவிட்டால், பயிற்சிக் காலத்தில் குடும்பம் தவிக்க நேரும்.