பல் போனபின் என்பைக் காத்தல்

பல் போனாற் சொல் போம் என்பர். தாடையென்பும் தேயும் என்பதைப் பலர் அறியார். பல் நீங்கிய இடத்தில் அவ்வென்பின் அகலம் 12 மாதங்களிற் பாதிவரை குறையலாம். பின்னர்ப் பொய்ப்பல்லும் செவ்வனே பொருந்தாது.

என்பு பொருத்தும் மூலிகையெனச் சித்த மருத்துவம் பிரண்டையைப் போற்றும். அதன் சத்து என்பாக்கும் உயிரணுக்களைத் தூண்டுதலை ஆய்வுகூடங்களிலும் கண்டுள்ளனர். ஆயினும் பச்சைச் சாறு அரிக்கும். அதனைப் புண்ணில் இடலாகாது. வதக்கித் துவையலாக உண்க.

பல்லெடுத்த குழியில் உறையும் குருதியே முதன் மருந்து. அதன் வழியே புதிய என்பு தோன்றும். வெற்றிலையும் புகையிலையும் அவ்வுறைவைக் கெடுக்கும். ஆதலின், அட்டன், நுவரெலியாத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் நம் தாய்மார் அவற்றைச் சில நாள் விலக்குக. முதல் நாள் வாய் கொப்பளியாது, மறுநாள் தொட்டு இளஞ்சூட்டு உப்புநீரால் மெல்லக் கொப்பளித்தல் வேண்டும். குளிருக்கு வெற்றிலை துணையாகலாம். தேய்ந்த என்போ தானே மீளாது.